அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

அப்பா ரோடு மேஸ்திரியாக இருந்தார். மெட்ராசிலிருந்து பெங்களூர் போகிற பெரிய ரோட்டில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னும் பின்னும், எங்கே ஜல்லி கொட்டித் தார் ஊற்றினாலும் அங்கே அவர் குரல் கேட்கும். நாற்பது ஆட்களை ஒரு அதட்டலில் நிமிர வைப்பார். சாயங்காலம் சைக்கிளில் பிள்ளைப்பாக்கத்துக்குத் திரும்பும்போது அந்தக் குரலை ரோட்டிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. வீட்டில் குரல் போதாது என்று தோன்றினால் வலது கை வரும். அம்மா வாங்கியதுதான் அதிகம். அண்ணன் வளர்ந்து ஆவடிப் பக்கம் ஒரு பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தபின் தப்பித்துக்கொண்டான். நான் வாங்கியது கொஞ்சம். அதில் ஒன்று மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம், எங்கள் சபைப் போதகர் சொன்னார் என்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிப்புக்காக எழுதிப் போட்டிருந்தேன். வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அப்பா கடிதத்தை முழுசாகப் படித்தார். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர், கையெழுத்தும் அழகாக இருக்கும்.

"கண்ட ஆம்பளைக்கும் பீ மூத்திரம் வாரிக் கொட்றதுக்கா உன்ன இத்தினி வருசம் படிக்க வெச்சேன்?"

"அது வேலைப்பா" என்றேன்.

வலது கையால் அறைந்தால் எதிரே நிற்பவருக்கு இடது காதில் விழும். விழுந்தது. ரெண்டு நாள் காதுக்குள் இரைச்சல், மூன்றாம் நாள் சீழ். அந்தக் காது இன்றும் பாதிதான் கேட்கிறது. கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. மடித்துத் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். கிழித்திருந்தால் மறந்திருப்பேன்.

அதற்கு ரெண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்று அப்பா அம்மாவைத் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழைந்தது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். திட்டு ஏன் நின்றது என்று பார்க்க அவள் நிமிரவில்லை. கை வரப்போகிறது என்று காத்திருந்தாளாம். கை வந்தது. பாதி உயரத்துக்கு எழும்பி, அங்கேயே செத்து, பக்கவாட்டில் தொங்கியது. அப்பா சுவரை ஒட்டிச் சரிந்து உட்கார்ந்தார். வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்கள் மட்டும் அம்மாவை விட்டு நகரவில்லை, அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்பதுபோல.

ஜல்லி லாரி ஒன்றில் படுக்க வைத்து மெட்ராசுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் டாக்டரம்மா வந்தார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும்.

"பெரியவரே, உங்க பேர் என்ன?"

அப்பாவின் உதடு அசைந்தது. நாங்கள் மூவரும் கட்டிலருகே போனோம்.

"ஆமா" என்றார் அப்பா.

"பேரு, உங்க பேரு."

"ஆமா."

டாக்டரம்மா பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அதற்கும் ஆமா. எந்த ஊர் என்றதற்கும் ஆமா. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து அண்ணனும் சிரித்தான். அப்பாவுக்கு அது கேட்டது. கோபத்தில் இடது கை மெத்தையை அடித்தது. வாயில் வந்தது மறுபடி ஆமாதான், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

நான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறவள் என்று தெரிந்ததும், டாக்டரம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. இடது பாதியில் பேனாவால் குத்தினார்.

"இங்கதான் ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. இந்தப் பாதிதான் வலது கை காலுக்கு உத்தரவு போடுது. உத்தரவு கொண்டுபோற நரம்பு இங்கேர்ந்து கிளம்பி, கழுத்துக்குக் கொஞ்சம் மேல, அந்தப் பக்கம் தாண்டிடும். அதனாலதான் இடது மூளை கெட்டா வலது கை விழுது. கையையும் நாக்கையும் ஆட்டற இடம் மூளையில பக்கத்துப் பக்கத்து வீடு. வார்த்தையைத் தேடி எடுத்துக் குடுக்கற இடமும் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே குழாய்தான் ரத்தம் கொண்டுவருது."

"அப்போ அவருக்குப் புத்தி?"

"அது நல்லா இருக்கு. நாம பேசறது அநேகமா எல்லாம் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வழி இல்ல."

"ஆமான்னு மட்டும் வருதே?"

"அது அவர் சொல்றதில்லம்மா. ஆயிரம் தடவ சொல்லிப் பழகின வார்த்தை, தானா வழுக்கிக்கிட்டு வெளிய வருது. வேற எதையோ சொல்லத்தான் வாயத் திறப்பார், இதுதான் வரும். அதனால அவர் ஆமாங்கறத நம்பாதே. தலையாட்டறதையும் நம்பாதே, அதுவும் சில நேரம் மாறிப்போகும். முகத்தைப் பாரு. இடது கையைப் பாரு. அந்தக் கை பொய் சொல்லாது."

வேறொன்றும் சொன்னார். இந்த நோயில் சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும், பயப்படாதே என்றார். சுருக்கம் விழாமல் விரல்களை நீட்டிவிடச் சொன்னார். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழை, கழற்றும்போது நல்ல கையை முதலில் எடு என்றார். இவ்வளவையும் நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். நர்ஸ் படிப்பு எனக்கு அந்த வராந்தாவில்தான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டன. காலை இழுத்து இழுத்துக் கொல்லை வரை நடப்பார். சிரி என்றால் முகத்தின் ஒரு பக்கம்தான் மேலே போகும். ஆனால் ஒருநாள் ஆட்டுக்குட்டி ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்ததைப் பார்த்துத் தன்னை மறந்து சிரித்தபோது ரெண்டு பக்கமும் சமமாக எழும்பியது. தானாக வருவதற்கு ஒரு வழியும் வரவழைப்பதற்கு வேறொரு வழியும் இருக்கிறது போல என்று நினைத்தேன். முகத்தில் ஈ உட்கார்ந்தால் தலையை அழகாக இல்லை இல்லை என்று ஆட்டுவார். "வேணுமா வேணாமாப்பா?" என்று கேட்டால் அதே தலை மேலும் கீழும் ஆடும். அது தப்பு என்று தெரிந்து முகம் சிவக்கும்.

அம்மாவுக்கு முதல் ரெண்டு வாரம் பயம் போகவில்லை. அவர் பக்கத்தில் போகும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொள்வாள். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை அவர் வாய்க்கு எதிரே நிறுத்தினாள். இருபத்தைந்து வருஷமாக 'நீங்க' என்றே அழைத்தவள், அன்றைக்குச் சொல்லை மாற்றினாள்.

"என் ரெண்டாவது புள்ள வயித்துலயே செத்துச்சே, நீ ஒதச்சதாலதானே?"

அப்பா அவளைப் பார்த்தார். வாய் கோணி, திறந்தது.

"ஆமா."

"எங்கம்மா சாவுக்குக்கூட என்ன அனுப்பல. நீ மனுசனே இல்லதானே?"

"ஆமா."

"சொல்லு. நல்லா கேக்கறாப்பல சொல்லு."

"ஆமா, ஆமா."

அவள் கரண்டியை வாய்க்குள் விட்டாள். அடுத்த கரண்டிக்கு அடுத்த கேள்வி. அந்தக் கஞ்சி முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து கஞ்சியில் விழுந்தது, அதையும் சேர்த்தே ஊட்டினாள். மறுநாளும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தாள். பிறகு அது வழக்கமாயிற்று. வருஷக்கணக்காக உள்ளே வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். சிலது நடந்தவை, சிலது நடக்காதவை. எல்லாவற்றுக்கும் அவர் ஒப்புக்கொண்டார். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தடுத்திருக்கலாம். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் பகலில் அவரோடு இருந்தது நான். கேட்டுக் கேட்டு, ஆமாவுக்குள் இருந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. நிஜமான ஆமா குட்டையாக இருக்கும், மூக்கில் முடியும். இல்லை என்பதற்கு வரும் ஆமா மேலே ஏறும், கடைசியில் உடையும். தண்ணீர் கேட்கும் ஆமா, கொல்லைக்குப் போகவேண்டும் என்கிற ஆமா, அம்மாவை அனுப்பிவிடு என்கிற ஆமா எல்லாம் வேறு வேறு. பாதிக் காதை வைத்துக்கொண்டு இதையெல்லாம் நான் பிரித்தேன். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் விரும்பவில்லை.

வார்த்தைகளைத் திரும்பக் கற்றுக்கொடுக்கலாம் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பொருளைக் காட்டு, முதல் எழுத்தை மட்டும் சொல்லு, பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திரு. மத்தியானம் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து எதிரே உட்காருவேன். "த..." என்பேன். அவர் என் உதட்டையே பார்ப்பார். நெற்றி வியர்க்கும். தெரிந்த வார்த்தை, உள்ளேதான் எங்கோ இருக்கிறது, கைக்கு எட்டவில்லை என்பது முகத்தில் தெரியும். ரெண்டு மாதம் கழித்து ஒருநாள் "தண்ணி" வந்தது. நான் அழுதேன், அவரும் அழுதார். நாற்பது பேரை அதட்டின குரலில் மிஞ்சியது அவ்வளவுதான். ஆனாலும் அது அவர் தேடி எடுத்த சொல். அடுத்து "வலி" வந்தது. மூன்றாவதை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து "வே... வே..." என்று தள்ளுவார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் நிலப் பேச்சை எடுத்தான்.

ஏரிக்குக் கீழே எங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருந்தது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. மெட்ராஸ்காரர் ஒருவர், அங்கே கம்பெனி கட்டப்போவதாகச் சொல்லிச் சுற்றுவட்டாரத்தில் நிலம் வாங்கிக்கொண்டிருந்தார். நோய்க்கு முன்பு அப்பாவிடமும் வந்தார். அப்பா போட்ட சத்தத்தில் செருப்பை மாட்டாமலே ஓடினார். இப்போது அவர் அண்ணனைத் தேடி ஆவடிக்கே போயிருந்தார்.

அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துதான் அண்ணன் அதைச் சொன்னான். அங்கே ஒருவர் இருப்பதாகவே அவன் நினைக்கவில்லை.

"பேச்சும் இல்ல, கையும் இல்ல. இவரா உழப்போறாரு? வித்துட்டு ஆவடிலயே வூடு கட்டிக்கினு போலாம்."

"போவட்டும்" என்றாள் அம்மா. "அந்தக் கழனில மூணாம் மாசத்து வயித்தோட நாத்து நட்டவ நானு. அது போனா எனுக்கு ஒண்ணும் இல்ல."

அப்பா பக்கத்திலிருந்த சோற்றுத் தட்டை இடது கையால் வீசினார். அண்ணன் தோளில் பட்டு விழுந்தது. "ஆமா! ஆமா!" என்றார், ஏறி ஏறி, உடைந்து. அண்ணன் சோற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான். "பாத்தியா, அவரே சரின்றாரு."

பிறகு என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டான்.

"பாப்பா, அவரு இன்னா சொல்றாருன்னு உனுக்குத்தான் புரியுதாமே. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நீ கூட வரணும். அங்க ஆபீசர் கேட்டா நீதான் சொல்லணும்."

"இன்னான்னு சொல்லணும்?"

"சம்மதம்னு. இன்னொண்ணு, இனிமே அவருக்கு எதுவும் சொல்லிக் குடுக்காத. பத்திரம் முடியட்டும்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். அப்பாவின் பெட்டியைத் திறந்திருக்கிறான். மடிப்பில் மஞ்சளேறிய என் கடிதம்.

"இந்த வருசம் திரும்ப எழுதிப் போடு. பெரியவங்க கையெழுத்து நான் போடறேன்."

யோசித்தேன் என்று சொன்னால் பொய். அன்று மத்தியானமே டம்ளரை எடுக்கவில்லை. அப்பா வழக்கமான நேரத்துக்குக் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் துணி மூட்டையோடு அவரைக் கடந்து போனேன். "தண்ணி" என்றார், தாகத்துக்காக அல்ல, பாடத்துக்காக. சொம்பைக் கொண்டுவந்து கையெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனேன். நாலைந்து நாள் அப்படியே உட்கார்ந்து பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் தானாகவே "வே... வே..." என்று முயன்றுகொண்டிருந்தார். முதல் எழுத்துக்குப் பின் அடுத்ததை யாராவது உதட்டில் காட்டவேண்டும். காட்ட நான் போகவில்லை.

பத்திரத்தன்று மெட்ராஸ்காரர் கார் அனுப்பினார். வெள்ளைச் சட்டையில் விழுந்த கையை முதலில் நுழைத்தேன். எங்கே என்று கண்ணால் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப்பா. டாக்டரம்மா வரச் சொன்னாங்க."

குட்டையான, மூக்கில் முடிகிற ஆமா. சந்தோஷமாகவே காரில் ஏறினார். பெரிய ரோட்டில் ஏறியதும் தான் தார் போட்ட இடங்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் மெட்ராஸ் பக்கம் திரும்பாமல் கார் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்றபோது என் பக்கம் திரும்பினார். நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். அண்ணனும் டிரைவரும் ரெண்டு பக்கமும் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள்.

பதிவாளர் வயதானவர், நிதானமானவர். பத்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார்.

"உங்க பேர் சொல்லுங்க."

"ஆமா."

"பேரைக் கேட்டேன்."

"ஆமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னய்யா இது? பேச்சே வரலையே."

"வாதம் சார்" என்றான் அண்ணன். "பேசத்தான் வராது, எல்லாம் புரியும். தங்கச்சிதான் பாத்துக்குது, அதுக்கு நல்லாத் தெரியும்."

பதிவாளர் என்னைப் பார்த்தார். "புரியுதாம்மா அவருக்கு?"

"எல்லாம் புரியும் சார்." அது நிஜம். அதற்கு முன்னும் பின்னும் நான் அங்கே சொன்ன நிஜம் அது ஒன்றுதான்.

அவர் அப்பாவிடம் மெதுவாக, சத்தமாகக் கேட்டார். "பெரியவரே, பிள்ளைப்பாக்கம் ரெண்டு ஏக்கரை இவருக்கு விக்கறீங்க. மனசாரச் சம்மதமா?"

அப்பா எல்லாப் பலத்தையும் திரட்டினார். மேல்பல் கீழுதட்டில் பதிந்தது. "வே..." என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "வே... வே..." அந்த அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அடுத்த எழுத்தை உதட்டில் காட்டியிருந்தால், சத்தம்கூட வேண்டாம், உதடு அசைந்திருந்தால் போதும், சொல்லியிருப்பார். அவர் என் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். அவர் வாய் வழுக்கியது.

"ஆமா" என்று வந்தது. அது வந்ததும் பதறிப்போய், "ஆமா... ஆமா... ஆமா..." ஒவ்வொன்றும் முந்தினதைவிட உயரமாக. அழ ஆரம்பித்தார்.

"ஏன் அழறாரு?" என்றார் பதிவாளர்.

"இந்த நோயில அப்படித்தான் சார். காரணம் இல்லாம அழுகை வரும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "சரி, ரேகை வைங்க."

கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கு இடது கைப் பெருவிரல். மைப்பலகையை நகர்த்தினார்கள். அப்பா இடது பெருவிரலை உள்ளே வைத்து நாலு விரலாலும் இறுக மூடிக்கொண்டார். மடியில் ரெண்டு கைகளும் ஒரே மாதிரி இருந்தன, சுருண்டுகொண்டு. ஒன்று நோய், ஒன்று அவர்.

அண்ணன் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பதிவாளர் எட்டிப் பார்த்தார். "என்ன, கையைத் திறக்க மாட்டேங்கறாரு?"

"வாதத்துல விரல் சுருங்கிக்கும் சார்" என்றேன். "நான் நீட்டிவிடறேன்."

முட்டியிட்டு உட்கார்ந்து அந்தக் கையை எடுத்தேன். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் முஷ்டி தானாக இளகும். இதுவும் டாக்டரம்மா காட்டியதுதான், வலது கைக்காக. மடக்கினேன். சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அப்பா என் தலைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் பெருவிரல் வெளியே வந்தது. மையில் அழுத்தி, மூன்று இடத்தில் வைத்தேன். ரேகை கொஞ்சம்கூடக் கலையாமல் விழுந்தது. பதிவாளர் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார்.

திரும்பி வரும்போது அப்பா அந்த விரலைச் சட்டை மார்பில் தேய்த்துக்கொண்டே வந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பாயிற்று. அதற்குப் பிறகு நான் எது கேட்டாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களிடம் ஆமா சொன்னார், என்னிடம் அதையும் சொல்லவில்லை.

ஜூனில் நான் படிப்புக்குப் போனேன். உடற்கூறு வகுப்பில் சிஸ்டர் மூளைப் படத்தைத் தொங்கவிட்டு, நரம்புக் கற்றை எந்த இடத்தில் பக்கம் மாறுகிறது என்று கேட்டபோது நான்தான் எழுந்து சொன்னேன். எங்கே படித்தாய் என்றார். எங்கப்பாவுக்கு வந்தது சிஸ்டர் என்றேன். வகுப்பே இரக்கமாகப் பார்த்தது. அந்த இரக்கத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கோடையில் சில நாள் லீவில் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் ஆவடியில் வீடு கட்டி, கல்யாணமும் செய்துகொண்டிருந்தான். அம்மா பிள்ளைப்பாக்கத்திலேயே இருந்தாள். நாற்றம் என்று அப்பாவை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றியிருந்தாள், மாடுகளை விற்றாயிற்று. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். உடம்பு பாதியாகியிருந்தது.

"வேணாம்" என்றார் என்னைப் பார்த்ததும்.

நான் நின்றுவிட்டேன். முழுச் சொல், தெளிவாக.

"மாசி மாசத்துலேர்ந்து அப்பிடித்தான்" என்றாள் அம்மா. "தானா ஒருநாளு வந்துச்சு. இப்போ அது ஒண்ணுதான். சோறு கொண்டாந்தா வேணாம், தண்ணி குடுத்தா வேணாம்."

"அம்மா, அது முன்னாடி ஆமா வந்துதே, அந்த மாதிரிதான். வாய் சொல்றத பாக்காத. பசிச்சாலும் அதுதான் வரும்."

"வேணாம்னா வேணாம்தான்" என்றாள். "கலியாணம் ஆன நாளா அவரு வேணாம்னத நான் மீறனதே கெடயாது. இப்போ மட்டும் இன்னாத்துக்கு மீறணும்?"

சொல்லிவிட்டு, அவர் எதிரே வைத்திருந்த சோற்றுத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவின் கண் அந்தத் தட்டின் பின்னாலேயே போனது.

அன்று நான் கஞ்சி வைத்து ஊட்டினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தார். விழுங்கினார். இடது கை என் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியைத் தன் பக்கமாக இழுத்தது. ரெண்டு கிண்ணம் குடித்தார். புண்ணைக் கழுவிக் கட்டினேன். நாலு நாள் இருந்தேன். லீவு முடிந்தது. ஐந்தாம் நாள் காலை பஸ் ஏறினேன். எப்படி ஊட்டவேண்டும் என்று அம்மாவிடம் மறுபடி சொன்னேன், அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டாள். ஆவடிக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம், போதகரிடமாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பரீட்சை இருந்தது.

மூன்று வாரத்தில் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அப்பாவைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "அவருதான் ஒண்ணுமே வேணாம்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் வேணாம் என்றதை ஊரே கேட்டிருந்தது.

நான் படிப்பை முடித்தேன். வேலை கிடைத்தது. கடைசிக் காலத்தில் அம்மா என்னோடு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் இருந்தாள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதற்கென்று தெரியவில்லை, ரிஜிஸ்டர் ஆபீசில் நான் செய்ததைச் சொன்னேன். உதட்டை மூடிக்கொண்டது, அழுகைக்குச் சொன்ன காரணம், விரலைப் பிரித்தது, எல்லாவற்றையும். அதற்கு முன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு இன்னா இப்போ? நீ நல்லாத்தானே கீற" என்றாள். பிறகு ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.